ஸ்கைலாண்டர்ஸ் இமேஜினேட்டர்ஸ்: கடைசி ஆட்டத்தில் பொம்மைக்கு என்ன வேலை?

சாட்ஸ்வொர்த் அப்பா (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். போர்ட்டல் என்ற மேடையின் மேல் பொம்மையை வைத்தால் அதே வீரன் திரையில் இறங்கி ஆடும் வீடியோ ஆட்டத் தொடர்தான் ஸ்கைலாண்டர்ஸ். எங்கள் வீட்டில் அதன் பொம்மைகள் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. மூத்தவன் சிறுவனாக இருந்தபோது சேர்த்தவை அவை. இப்போது அவன் அவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை, ஒன்பது வயதாகும் இளையவன்தான் அவற்றுக்கு வாரிசு. ஸ்பைரோஸ் அட்வென்ச்சர் முதல் ட்ராப் டீம் வரை நான்கு ஆட்டங்களையும் அவன் சலிக்காமல் ஆடி முடித்தான். தொடரின் கடைசி ஆட்டம் இமேஜினேட்டர்ஸ் என்று கேள்விப்பட்டு, சென்ற மாதம் டர்பனில் பழைய பொருள் விற்கும் ஒருவரிடம் பிளேஸ்டேஷன் 4-க்கான பிரதியை வாங்கினேன். ஆட்டத்துடன் கிங் பென், கோல்டன் குயின் என்ற இரண்டு பொம்மைகளும், நாமே உருவாக்கும் வீரனைச் சேமிக்கும் இரண்டு படிகங்களும் வந்தன.

முதல் நாள் மாலை இரண்டு மணி நேரம், தலை, வால், கவசம், குரல் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்து தனக்கென ஒரு வீரனை அவன் உருவாக்கினான். அவ்வளவு ஆர்வத்தோடு தொடங்கியவன் நான்காம் நாளே ஆட்டத்தை நிறுத்திவிட்டு ட்ராப் டீமுக்குத் திரும்பிவிட்டான். காரணம் கேட்டால், “அப்பா, இதில் பொம்மைகள் சும்மா நிற்கின்றன” என்கிறான். பிள்ளை சொல்வது சரிதானா, அல்லது நாங்கள் ஆடும் முறையில்தான் பிழையா? மேலும் பொம்மைகள் வாங்கினால் ஆட்டம் சுவைபடுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மாரிட்ஸ்பர்க் அக்கா

தம்பி, உங்கள் மகன் ஒரே வாக்கியத்தில் சொன்னதைத்தான் நான் இரண்டு ஆண்டுகளாக என் தங்கை பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருக்கிறேன். பிழை உங்களிடம் இல்லை.

2011-இல் டாய்ஸ் ஃபார் பாப் உருவாக்கி ஆக்டிவிஷன் வெளியிட்ட முதல் ஆட்டத்தின் வியப்பு திரையில் இருக்கவில்லை, பொம்மையின் அடிப்பாகத்தில் இருந்த மின்னணுச் சில்லில் இருந்தது. வீரன் பெற்ற அனுபவமும், சேர்த்த பணமும், நாம் இட்ட செல்லப்பெயரும் அந்தச் சில்லிலேயே எழுதப்பட்டதால், பொம்மையைப் பையில் போட்டுக்கொண்டு தோழன் வீட்டுக்குப் போய், அங்கே வேறு கன்சோல் இருந்தாலும், விட்ட இடத்திலிருந்து அதே வீரனை வளர்க்க முடிந்தது. பழைய பொம்மை வாங்குகிறவர்களுக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு: நான் வாங்கிய கில் கிரண்ட், முகம் தெரியாத ஏதோ ஒரு குழந்தை வைத்த பெயரோடுதான் என் வீட்டுக்கு வந்தது. அதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து வந்த ஒவ்வோர் ஆட்டமும் பொம்மைக்குப் புதிதாக ஒரு வேலை கொடுத்தது. ஜயன்ட்ஸில் பெரிய உருவங்கள் போர்ட்டலின் மேல் வைத்தவுடன் ஒளிர்ந்தன. ஸ்வாப் ஃபோர்ஸில் பதினாறு பொம்மைகள் இடுப்பில் காந்தத்தால் இணைந்திருந்தன. மேல்பாதியையும் கீழ்பாதியையும் மாற்றி மாற்றி 256 வகையாகப் பொருத்தலாம். ட்ராப் டீமில் தோற்ற வில்லனைப் பொறிக்குள் அடைக்கும்போது அவன் குரல் தொலைக்காட்சியை விட்டு நழுவி, போர்ட்டலில் இருக்கும் ஒலிபெருக்கியிலிருந்து கேட்கும். என் தங்கை மகள் அன்று போர்ட்டலைத் தூக்கிக் காதில் வைத்துப் பார்த்தாள். சூப்பர்சார்ஜர்ஸ் நிலம், நீர், வானம் என மூவகை வாகனங்களைத் தந்தது. சக்கரம் உருளும் பொம்மை என்றால் எந்தக் குழந்தைக்குத்தான் பிடிக்காது!

இமேஜினேட்டர்ஸின் படிகத்தை இவற்றின் அருகில் வைத்துப் பாருங்கள். நாம் உருவாக்கிய வீரன் அதற்குள் சேமிக்கப்படுகிறான் என்பது உண்மைதான். ஆனால் கையில் இருப்பது வெறும் நிறக்கல். உங்கள் மகன் இரண்டு மணி நேரம் செதுக்கிய வாலும் கவசமும் அதில் எங்கும் இல்லை. அவன் நேசிக்கும் வீரனைக் கையில் பிடிக்க முடியாது, கையில் பிடித்திருப்பதை நேசிக்க முடியாது. பொம்மையும் திரையும் ஒன்றே என்ற மாயத்தில் வளர்ந்த தொடர், தன் கடைசி ஆட்டத்தில் அந்த மாயத்தைத் தானே அவிழ்த்துவிட்டது.

இன்னொன்று. நீர், நெருப்பு போன்ற மூலப்பண்பு ஒவ்வொரு படிகத்துக்கும் அதனதன் நிறத்தோடு முன்பே முடிவாகிவிடுகிறது. (நமக்கு ஐம்பூதம் போதும், இவர்களுக்கு எட்டு போதாமல் ட்ராப் டீமில் ஒளியையும் இருளையும் சேர்த்துப் பத்தாக்கினார்கள்.) பத்துப் போர்வகைகளில் ஒன்றை முதலில் தேர்ந்தவுடன் அதுவும் அந்தப் படிகத்தில் நிலைத்துவிடும், தோற்றத்தையும் ஆயுதத்தையும் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், போர்வகையை மாற்ற முடியாது. விரும்பியதைப் படைக்கலாம் என்று அழைத்துவிட்டு, வில்லாளி வேண்டுமென்றால் ஒரு கல், நிஞ்ஜா வேண்டுமென்றால் இன்னொரு கல் என்று விற்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

ஃபீனிக்ஸ் இளைஞன்

அக்கா சொல்வதில் பாதியை மட்டுமே ஏற்கிறேன். முதல் இரண்டு ஆட்டங்களில் வீரர்களால் குதிக்கக்கூட முடியாது என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். அது ஸ்வாப் ஃபோர்ஸில்தான் வந்தது. சண்டையின் வேகத்திலும் வீரனை வடிவமைக்கும் வசதியிலும் இமேஜினேட்டர்ஸ் முந்தையவற்றுக்குக் குறைந்ததில்லை. நானும் என் தம்பியும் ஒரு மார்கழி விடுமுறை முழுவதும் ஒரே சோபாவில் உட்கார்ந்து இருவராக ஆடினோம், யார் வீரன் அதிக விகாரமாக இருக்கிறான் என்பதே எங்கள் போட்டி. வேறோர் ஆட்டத் தொடரின் க்ராஷ் பாண்டிகூட்டும் கோர்டெக்ஸும் வரும் பகுதியை மட்டுமாவது உங்கள் மகன் ஆட வேண்டும். ஆனால் அதற்கு அந்தப் பொம்மைகள் தனியாக வேண்டும்.

2011-இல் வாங்கிய பொம்மையும் 2016-இல் வந்த ஆட்டத்தில் வேலை செய்கிறது என்பதையும் குறையாகச் சொல்லிவிட முடியாது. உங்கள் நாற்பது பொம்மைகளும் அதில் இறங்கி ஆடும், அண்ணா.

ஆனாலும் அவை அங்கே விருந்தினர்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தொடரின் வில்லன் கேயாஸ் மன மாயத்தால் டூம்லாண்டர் என்ற தீய வீரர்களைப் படைக்கிறான், அதே மாயத்தால் நாம் இமேஜினேட்டர்களைப் படைக்கிறோம், சென்செய் எனப்படும் குருமார்கள் அவர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள் என்று கதை போகிறது. பழைய வீரர்களுக்கு இதில் பேச்சே இல்லை. கோல்டன் குயினே ட்ராப் டீமில் நாம் பிடித்து அடைத்த வில்லிதானே. அவளுக்குக் கிடைத்த குரு பதவி, முதல் நாளிலிருந்து உழைத்த ட்ரிகர் ஹேப்பிக்குக் கிடைக்கவில்லை!

லெனேசியா வாசகர்

இந்தச் சோர்வுக்கு ஆட்டத்தை மட்டும் காரணமாகச் சொல்ல மாட்டேன். 2011 முதல் 2016 வரை ஆண்டுக்கு ஒன்றாக ஆறு ஆட்டங்கள் வந்தன. டாய்ஸ் ஃபார் பாப் நான்கையும் விகேரியஸ் விஷன்ஸ் இரண்டையும் செய்தன. பெற்றோர் ஒவ்வோர் ஆண்டும் புதிய பெட்டியும் புதிய பொம்மைகளும் வாங்க வேண்டியிருந்தது. அதே அலமாரியில் போட்டிப் பொம்மைத் தொடர்களான டிஸ்னி இன்ஃபினிட்டி 2013 முதலும், அமீபோ 2014 முதலும், லெகோ டைமென்ஷன்ஸ் 2015 முதலும் வந்து நின்றன. 2016 மே மாதத்தில் டிஸ்னி தன் தொடரை நிறுத்தியபோதே காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது தெரிந்துவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த இமேஜினேட்டர்ஸ், ஏற்கெனவே கலைந்துகொண்டிருந்த சந்தையில் கடை விரித்தது.

வாங்குவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதல் பெட்டியில் இருக்கும் பொம்மைகளைக் கொண்டே கதையை முடித்துவிடலாம். குறிப்பிட்ட போர்வகையின் குரு இருந்தால் மட்டுமே திறக்கும் பகுதிகள் சில உண்டு. கிங் பென் மல்லன், கோல்டன் குயின் மந்திரவாதி, ஆகவே மற்ற எட்டு வகைகளும் உங்களுக்குப் பூட்டியே இருக்கும். அவற்றுக்காக எட்டுக் குருமார்களைத் தேடி அலைவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய படிகம் வாங்கும்போது முந்தைய உரிமையாளர் எந்தப் போர்வகையைத் தேர்ந்தார் என்பதைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

சாட்ஸ்வொர்த் அப்பா

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. லெனேசியா ஐயா கடைசியாகச் சொன்னதைப் படித்த பிறகுதான் ஒரு விஷயம் விளங்கியது. எங்களுக்கு வந்த இரண்டாவது படிகத்தில் ஏற்கெனவே யாரோ ஒருவரின் வில்லாளி இருந்தான், இளையவனோ வாள்வீரன் வேண்டுமென்று அழுதான். ஆட்டத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்து அந்த மாலை முழுவதும் போர்ட்டலின் கம்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

ஃபீனிக்ஸ் தம்பி சொன்னபடி நேற்று மூத்தவனையும் கூட்டி உட்காரவைத்தேன். இருவரும் படிகங்களை ஒதுக்கிவிட்டுப் பழைய பொம்மைகளை மாற்றி மாற்றி வைத்து ஒரு மணி நேரம் ஆடினார்கள். பிறகு மின்வெட்டு வந்துவிட்டது. அவர்களாக மறுபடி கேட்டால் ஆடட்டும், குரு பொம்மைகள் எதுவும் வாங்கப் போவதில்லை. அதற்குப் பதிலாக, ட்ராப் டீமுக்கான நீர்ப் பொறியோ இருள் பொறியோ யாரிடமாவது கூடுதலாக இருந்தால் தெரிவியுங்கள். மாற்றாகத் தருவதற்கு எங்களிடம் இரண்டு ஸ்பைரோ பொம்மைகள் இருக்கின்றன. ஒன்றில் மூத்தவன் இட்ட பெயர் இருப்பதால் அதை மட்டும் தர இயலாது.