ஐந்து பக்கம் எழுதியும் 20க்கு 8 புள்ளி: கட்டுரை வினாவில் எங்கே பிழை விடுகிறேன்?

தரம் 13 மாணவி, கோண்டாவில்

எல்லோருக்கும் வணக்கம். நான் உயர்தரம் கலைப்பிரிவு. தவணைப் பரீட்சையில் அரசியல் விஞ்ஞானத்துக்கு இப்படி ஒரு வினா வந்தது: "டொனமூர் அரசியலமைப்பின் நிர்வாகக் குழு முறையை மதிப்பிடுக." பிரித்தானியர் ஆட்சியில் இலங்கைக்கு வந்த அரசியலமைப்பு அது; சபை உறுப்பினர்கள் குழுக்களாகப் பிரிந்து நிர்வாகத்தைப் பார்ப்பதுதான் நிர்வாகக் குழு முறை. எனக்கு நன்றாகத் தெரிந்த பாடம் என்று சந்தோசமாக ஐந்து பக்கம் எழுதினேன். கிடைத்தது 8 புள்ளி. ஓரத்தில் சிவப்புப் பேனையால் "வினாவுக்கு விடை எங்கே?" என்று மட்டும் எழுதியிருந்தது.

படிக்காமல் போகவில்லை. அந்தப் பாடத்தை நான்கு தரம் வாசித்தேன். மஞ்சள் ஹைலைற்றரால் கோடு போட்டுப் போட்டு, சில பக்கங்களில் இப்போது கோடில்லாத வரிகள்தான் குறைவு. புத்தகம் திறந்திருந்தால் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கிறது. மூடினால் பாதி வருவதில்லை. மற்றப் பாடங்களிலும் இதே கதைதான். உயர்தரப் பரீட்சைக்கு அதிக நாள் இல்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

தரம் 13 மாணவன், சாவகச்சேரி

எனக்கும் இதே பிரச்சினைதான். ரியூசனில் ஒரு முன்னுரையையும் முடிவுரையையும் பாடமாக்கச் சொன்னார்கள். எந்த வினா வந்தாலும் அதை மேலும் கீழும் போட்டுவிடுவேன். நீங்களும் செய்து பாருங்கள்.

கலைப்பீடம், மூன்றாம் வருடம்

தங்கச்சி, பாடமாக்கிய முன்னுரையை இப்போதைக்கு விடுங்கள். எந்த வினாவுக்கும் பொருந்தும் பந்தி எந்த வினாவுக்கும் விடையாகாது. முதலில் இரண்டு விசயம் தெரியவேண்டும். உங்கள் விடையின் முதல் பந்தியை அப்படியே இங்கே போடுங்கள். அடுத்தது, மேலதிக வாசிப்பு நேரம் 10 நிமிடத்தில் என்ன செய்தீர்கள்?

தரம் 13 மாணவி, கோண்டாவில்

அக்கா, முதல் பந்தி இதுதான்:

"1927இல் டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தது. 1928இல் அதன் அறிக்கை வெளியானது. 1931இல் புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. 21 வயதுக்கு மேற்பட்ட ஆண், பெண் இருபாலாருக்கும் சர்வசன வாக்குரிமை கிடைத்தது."

அதற்குப் பிறகு வாக்குரிமை பற்றி இரண்டு பக்கம். நிர்வாகக் குழு நான்காம் பக்கத்தில்தான் வருகிறது. 10 நிமிடத்தில் தெரிந்த வினாக்களுக்குச் சரி போட்டுவிட்டு, மணி அடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், வடமராட்சி

பிள்ளை, உங்கள் பந்தியில் பிழையான தகவல் ஒன்றுகூட இல்லை. ஆனால் கேட்டது நிர்வாகக் குழு முறையை. அந்தச் சொல்லே முதல் பந்தியில் இல்லை. விடைத்தாள் திருத்துகிறவர் மூன்று பக்கம் காத்திருந்திருக்கிறார்.

வினாவின் கடைசிச் சொல்லைப் பாருங்கள். "விவரிக்குக" என்றால் எப்படி இருந்தது என்று சொன்னால் போதும். "விளக்குக" என்றால் ஏன், எப்படி என்பதும் வேண்டும். "மதிப்பிடுக" என்றால் நன்மையும் குறையும் நிறுத்துப் பார்த்து, உங்கள் தீர்ப்பைச் சொல்லவேண்டும். நீங்கள் மதிப்பிடச் சொன்ன இடத்தில் விவரித்துவிட்டீர்கள், அதுவும் பக்கத்து விசயத்தை. நான் திருத்திய காலத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகள் பலர் புள்ளியை விட்டது இந்த இடத்தில்தான். தெரியாமல் விட்டவர்கள் குறைவு.

எழுதமுன் விடைத்தாளின் பின்பக்கத்தில் நடுவே ஒரு கோடு கீறுங்கள். இடப்பக்கம் நன்மை: அரசாங்க சபையின், அதாவது அன்றைய சட்டசபையின், உறுப்பினர்கள் ஏழு குழுக்களாகப் பிரிந்ததால் எல்லோருக்கும் நிர்வாகப் பழக்கம் கிடைத்தது. கல்விக் குழுவின் தலைவராக இருந்த கன்னங்கராவின் முயற்சியில் இலவசக் கல்வி வந்தது. வலப்பக்கம் குறை: ஒவ்வொரு குழுவும் தன் பாட்டுக்கு இயங்கியது, மந்திரிகள் எல்லோரும் சேர்ந்து பதில் சொல்லும் கூட்டுப் பொறுப்பு வளரவில்லை. நிதி, சட்டம் போன்றவை மூன்று அரசாங்க உத்தியோகத்தர் கையில் இருந்தன. குழுத் தலைவர்களே மந்திரிகள், அவர்களைக் குழுக்களே தெரிவுசெய்ததால் சிறுபான்மையினரின் பங்குக்கு உத்தரவாதம் இல்லை. 1931இல் தமிழரான பெரி சுந்தரம் மந்திரியாக இருந்தார். 1936இல் ஏழு மந்திரிகளும் சிங்களவர்.

இப்போது இரண்டு பக்கத்தையும் பார்த்து ஒரே ஒரு வசனம் எழுதுங்கள். அதுதான் உங்கள் தீர்ப்பு. கட்டுரை அதிலிருந்து தொடங்கட்டும். 1927, 1928 எல்லாம் அந்த வசனத்துக்கு உதவினால் வரட்டும், இல்லையென்றால் வேண்டாம். ஒவ்வொரு பந்தியையும் முடிக்கும்போது வினாவை ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

கலைப்பீடம், மூன்றாம் வருடம்

சேர் எழுத்துப் பக்கத்தைச் சொல்லிவிட்டார். நான் வாசிப்பைச் சொல்கிறேன், ஏனென்றால் தங்கச்சியின் பிழை பரீட்சை மண்டபத்தில் தொடங்கவில்லை. வினா இல்லாமல் வாசித்தபடியால்தான் வினா இல்லாமல் எழுதினீர்கள்.

"திறந்தால் தெரிகிறது, மூடினால் வருவதில்லை" என்றீர்களே, அதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பகுதியை வாசிக்கக் கொடுத்தார்கள். சிலர் அதையே திரும்ப வாசித்தார்கள். சிலர் தாளை மூடிவைத்து, நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்கள் முன்னுக்கு நின்றார்கள். ஒரு கிழமை கழித்துச் சோதித்தபோது மூடி எழுதியவர்கள்தான் முன்னுக்கு. பரீட்சை ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே.

ஆகவே ஹைலைற்றரை மேசை லாச்சிக்குள் வையுங்கள். பாடத்தின் துணைத்தலைப்பை வினாவாக மாற்றுங்கள். "நிர்வாகக் குழு முறை" என்று இருந்தால், "இந்த முறையை ஏன் கொண்டுவந்தார்கள், யாருக்கு நன்மை, யாருக்கு நட்டம்?" என்று கொப்பியில் எழுதிவிட்டு அந்தப் பகுதியை மட்டும் வாசியுங்கள். புத்தகத்தை மூடி, நீலப் பேனையால் விடை எழுதுங்கள். பிறகு திறந்து, விட்டதைச் சிவப்புப் பேனையால் நிரப்புங்கள். மூன்று நாளைக்குப் பிறகு அதே வினாவை வெறும் தாளில் திரும்பச் செய்யுங்கள். சிவப்பு குறைகிறதா என்று பாருங்கள். முதல் நாள் தாள் முழுக்கச் சிவப்பாகத்தான் இருக்கும், மனம் விடவேண்டாம்.

தரம் 13 மாணவன், சாவகச்சேரி

அக்கா, ஒரு துணைத்தலைப்புக்கு இவ்வளவு நேரம் எடுத்தால் பாடம் எப்போது முடியும்?

கலைப்பீடம், மூன்றாம் வருடம்

நான்கு தரம் வாசிக்கும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள் தம்பி. இது இரண்டு தரத்தோடு முடிந்துவிடும்.

தரம் 13 மாணவி, கோண்டாவில்

ஒன்பது நாளுக்குப் பிறகு வருகிறேன். முதல் நாள் தாளில் நீலத்தில் நான்கு வரி, மிச்சமெல்லாம் சிவப்பு. உண்மையாகவே அழுகை வந்தது. நான்காம் நாள் பாதிக்குப் பாதி. நேற்று சிவப்பில் இரண்டே இடம்: ஏழு குழுக்களில் உள்ளூராட்சியை விட்டுவிட்டேன், மந்திரிகளைத் தெரிவுசெய்த முறையை மாற்றி எழுதிவிட்டேன்.

அந்த வினாவுக்கே திரும்பவும் முதல் பந்தி எழுதினேன் சேர், பாருங்கள்:

"நிர்வாகக் குழு முறை அரசாங்க சபை உறுப்பினர்களை ஆட்சிக்குப் பழக்கியது, ஆனால் கூட்டுப் பொறுப்பையோ சிறுபான்மையினரின் பங்கையோ அது உறுதிப்படுத்தவில்லை. இலவசக் கல்வி அதன் வலிமைக்குச் சான்று என்றால், 1936 மந்திரிசபை அதன் பலவீனத்துக்குச் சான்று."

ஒரு சிக்கல் இருக்கிறது. நடுவே கோடு கீறித் திட்டம் போட 12 நிமிடம் போகிறது. எங்கள் வினாப்பத்திரம் மூன்று மணித்தியாலம், ஐந்து வினா.

ஓய்வுபெற்ற ஆசிரியர், வடமராட்சி

பிள்ளை, இந்தப் பந்தியை வாசித்ததும் அடுத்தது என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரிகிறது. நல்லாக இருக்கிறது. இரண்டாவது வசனத்தில் "பலவீனத்துக்குச் சான்று" என்றதை ஒரு முழுப் பந்தியாக விரியுங்கள், அங்கேதான் புள்ளி இருக்கிறது.

நேரக் கணக்கு இதுதான்: 180 நிமிடத்தை ஐந்தால் பிரித்தால் வினாவுக்கு 36. திட்டத்துக்கு ஐந்து, எழுத 28, திரும்ப வாசிக்க மூன்று. வாசிப்பு நேரம் 10 நிமிடத்தில் ஐந்து வினாவின் கடைசிச் சொல்லையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் தீர்ப்பை மனதில் முடிவுசெய்துவிட்டால், திட்டம் ஐந்து நிமிடத்துக்குள் வந்துவிடும். வசனமாக எழுதாமல் ஒற்றைச் சொற்களாகப் போடுங்கள்: "பழக்கம்", "கன்னங்கரா", "1936". உங்களுக்கு மட்டும் விளங்கினால் போதும்.

இந்தக் கிழமை கடந்தகால வினாப்பத்திரம் ஒன்றை எடுத்து, விடை எழுதாமல் திட்டம் மட்டும் போடுங்கள். மணிக்கூட்டை முன்னால் வைத்து ஐந்து வினாவுக்கும் 25 நிமிடம். "ஒப்பிடுக" என்று வரும் வினா ஒன்றும் அதில் இருக்கட்டும்.

தரம் 13 மாணவி, கோண்டாவில்

ஓம் சேர். சனிக்கிழமை பொது நூலகத்துக்குப் போகிறேன், அங்கே இருந்து போட்டுவிட்டு ஐந்து திட்டத்தையும் படம் எடுத்துப் போடுகிறேன். சாவகச்சேரித் தம்பி, விருப்பம் என்றால் அதே வினாப்பத்திரத்தை நீங்களும் எடுங்கள், ஒத்துப் பார்ப்போம்.