ஜப்பான் படமா, கொரியப் படமா: உங்களை உலுக்கியது எது?

கேள்வி: ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953) பார்த்தேன். யாரும் கத்தவில்லை, பிள்ளைகளுக்கு நேரமில்லை என்று பார்க்க வந்த பெற்றோரை அடாமி என்ற வெந்நீர் ஊற்று ஊரில் ஒரு விடுதிக்கு அனுப்பிவிடுகிறார்கள், அங்கே இரவு முழுக்கச் சத்தத்தில் இருவரும் தூங்க முடியாமல் படுத்திருப்பதைப் பார்க்க மனசு தாங்கவில்லை. கொரியப் படங்களில் இந்த நிதானம் உண்டா?

பதில்: உண்டு. இயக்குநர் லீ சாங்-டோங்கின் 'பொயட்ரி' (2010). மறதி நோய் தொடங்கிய பாட்டி, பேரன் செய்த குற்றம், நடுவில் கவிதை வகுப்பு.

பதில்: எனக்கு, நிஜத் தொடர் கொலை வழக்கை வைத்து எடுத்த கொரியப் படம் 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' (2003) தான். கடைசியில் துப்பறிபவராக நடித்த சோங் காங்-ஹோ நேராகக் கேமராவைப் பார்ப்பாரே, அப்போது நிஜக் கொலைகாரன் யாரென்றே தெரியாது; 2019-இல்தான் தெரிந்தது, அதற்குள் அவன் வேறொரு கொலைக்காகச் சிறையில் இருந்தான். அதற்கப்புறம் அந்தக் காட்சியைப் பார்க்கவே கோபமாக வருகிறது.

கேட்டவர்: சரி, முதலில் 'பொயட்ரி' பார்க்கிறேன்.