பழைய அம்பாசடரில் 36 ஆம்ப் ஆல்டர்னேட்டருக்குப் பதில் 65 ஆம்ப் போட்டால் ஒயரிங்கை மாற்றணுமா?

மார்க்4 பெட்ரோல்:
1489 சிசி பெட்ரோல் அம்பாசடர். ஆல்டர்னேட்டர் (இன்ஜின் சுத்தும்போது கரன்ட் தர்றது) பிளேட்டில் லூகாஸ் 17 ஏசிஆர், 36 ஆம்ப்னு இருக்கு. ஏசி பிறகு போட்டது. ஹெட்லைட் 100/90 பல்பு. ராத்திரி ரெண்டும் ஓடும்போது சிக்னல்ல நின்னா பேட்டரியில 12.1 வோல்ட்தான் காட்டுது, டாஷ்போர்டு சார்ஜ் லைட்டும் மங்கலா எரியுது. லூகாஸ் ஏ127, 65 ஆம்ப் ஒண்ணு கிடைக்குது. அப்படியே மாட்டிடலாமா?

வோல்ட்மீட்டர்:
முதல்ல கணக்கைக் கூட்டுங்க. டிம்ல 90 வாட் ரெண்டு, ஏறக்குறைய 13 ஆம்ப். கண்டென்சர் ஃபேன் 10, புளோயர் 10, கம்ப்ரசர் கிளட்ச் 4, இக்னிஷன் 4, பார்க்கிங் லைட் 3. மொத்தம் 44 ஆச்சு, 36 எப்படிப் பத்தும்? அதனால ஆல்டர்னேட்டரை மாத்துறது சரிதான்.

ஆனா சார்ஜ் லைட் மங்கலா எரியுறது வேற சேதி சொல்லுது. அந்த பல்போட ஒரு பக்கம் இக்னிஷன் சுவிட்ச், மறுபக்கம் ஆல்டர்னேட்டரோட மெல்லிய முனை. ரெண்டு பக்கமும் ஒரே வோல்ட்டேஜ் இருந்தா எரியாது. லோடு ஏறும்போது மட்டும் எரிஞ்சா, சுவிட்சுக்குப் போற பழுப்பு ஒயர்லயோ சுவிட்ச் பாயின்ட்லயோ வோல்ட்டேஜ் விழுது, இல்ல ஆல்டர்னேட்டர் உள்ளே ஒரு டயோடு (கரன்ட்டை ஒரே பக்கம் விடுறது) போச்சு. ஆல்டர்னேட்டரை மட்டும் மாத்தினா முதல் கோளாறு அப்படியே இருக்கும்.

இன்ஜினை 2000 ஆர்பிஎம்ல வெச்சு, லைட், புளோயர் எல்லாம் போட்டு, மல்டிமீட்டர் ஒரு முனையை ஆல்டர்னேட்டர் அவுட்புட்லயும் இன்னொண்ணை பேட்டரி பாசிட்டிவ்லயும் வைங்க. 0.3 வோல்ட்டுக்கு மேல காட்டினா ஒயர் தப்பு. அப்புறம் ஆல்டர்னேட்டர் பாடிக்கும் பேட்டரி நெகட்டிவ்க்கும். 0.2 தாண்டினா எர்த் (பாடி வழியா கரன்ட் திரும்புற இணைப்பு) தப்பு. ஹெட்லைட்டுக்கு ரெண்டு ரிலே (சின்ன கரன்ட்டால பெரிய கரன்ட்டைப் போட்டு நிறுத்துற சுவிட்ச்) போட்டு பேட்டரியில இருந்து நேரா கரன்ட் குடுங்க. அதுக்கப்புறம் 60/55 பல்பே தாராளம். எதிர்ல வர்றவரும் பிழைச்சுக்குவார்.

காயில் கடை:
வேலையைத் தொடங்கும் முன் பேட்டரி நெகட்டிவை முதலில் கழற்றுங்க. 17 ஏசிஆர் பிளக்கில் ரெண்டு அகல முனை, ஒரு மெல்லிய முனை. அகலம் ரெண்டுமே அவுட்புட். ஏ127-ல் அதுக்கு பதில் போல்ட் வெச்ச பி ப்ளஸ். மெல்லிய ஒயர் டி ப்ளஸுக்குப் போகும். டபிள்யூன்னு இருக்கிற முனை டீசல் வண்டி டேக்கோவுக்கு (ஆர்பிஎம் மீட்டர்), அதைச் சும்மா விடுங்க.

பி ப்ளஸ்லிருந்து பேட்டரிக்குப் புதுசா 16 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) காப்பர் ஒயர் இழுங்க. பேட்டரியிலிருந்து ஒரு ஜாணுக்குள்ள 80 ஆம்ப் போல்ட் ஃபியூஸ். ஃபியூஸ் பேட்டரி பக்கம்தான் இருக்கணும். ஒயர் உரசி பாடியில பட்டா நெருப்பு வைக்கிற கரன்ட் அங்கிருந்துதான் வரும். ஒயர் முனையில மாட்டுற லக்கை ஹைட்ராலிக் கிரிம்ப்பர்ல அமுக்குங்க. சுத்தியால தட்டி ஈயம் ஊத்துறது ஆறு மாசம் தாங்காது. இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில ஒரு 16 ஸ்கொயர் எர்த் ஒயரும் கட்டாயம்.

மார்க்4 பெட்ரோல்:
ரொம்ப நன்றி அண்ணா. கடையில 6 ஸ்கொயரே போதும்ங்கிறாங்க. பழைய ஒயரையும் கூடவே சேர்த்து மாட்டினா பலம்தானே? டாஷ்போர்டுல எல்லா பல்பும் எல்இடி ஆக்கியாச்சு, அதனால ஏதும் பிரச்சனை வருமா?

காயில் கடை:
ஒன்றரை மீட்டர் 6 ஸ்கொயர்ல 65 ஆம்ப் ஓடினா ஒயர்லயே 0.28 வோல்ட் போகும், சூடும் ஏறும். 16 ஸ்கொயர்ல 0.1-தான். மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.

பழைய ஒயரைச் சேர்க்கவே கூடாது. ஃபியூஸ் போச்சுன்னா மொத்த கரன்ட்டும் அந்த ஒல்லி ஒயர்ல பாயும், ஒயரிங் கட்டே உருகிடும். ஆல்டர்னேட்டர் பக்கம் கழற்றி ஒவ்வொண்ணையும் தனித்தனியா ஸ்லீவ் போட்டு மூடுங்க. மறுமுனை ஸ்டார்ட்டர் சொலினாய்டில இருக்கிறதால அதில எப்பவும் கரன்ட் இருக்கும். டாஷ்போர்டில ஆம்மீட்டர் இருந்தா இனி சரியா காட்டாது. வோல்ட்மீட்டர் போட்டுக்கோங்க.

எல்இடி பிரச்சனைதான். ஸ்டார்ட் ஆனதும் ஆல்டர்னேட்டர் உள்ளே சுத்துற ரோட்டருக்கு முதல் கரன்ட் அந்த 2.2 வாட் பல்பு வழியாத்தான் போகுது. எல்இடி அதை விடாது, ஒரு தடவை நல்லா ரேஸ் பண்ணாத்தான் சார்ஜ் ஆரம்பிக்கும். சார்ஜ் லைட்டுக்கு மட்டும் பழைய பல்பையே போடுங்க, இல்ல எல்இடிக்குக் குறுக்கே 68 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் வைங்க.

பெல்ட் சத்தம்:
புல்லியை விட்டுட்டீங்களே. ஏ127 பெரும்பாலும் பல வரி பெல்ட் புல்லியோட வரும். உங்களுக்கு வி புல்லி வேணும். தண்டு அளவை வெர்னியர்ல அளந்து வாங்குங்க. மாட்டினதும் கிராங்க் புல்லிமேல நேர்பட்டை வெச்சுப் பாருங்க, 2 மில்லி விலகினாலும் பெல்ட் ஓரம் தின்னும். முழு லோடில இது இன்ஜின்கிட்ட 2 குதிரைசக்திக்கு மேல கேட்கும். பழைய பெல்ட் வழுக்கிக் கீச்சிடும். புது பெல்ட் போட்டு, நீளமான பக்கத்து நடுவில கட்டைவிரலால அழுத்தினா 12 மில்லி இறங்கற அளவுக்கு இறுக்குங்க, 200 கிலோமீட்டர் ஓட்டிட்டு மறுபடி பாருங்க.

65 ஆம்ப்ங்கிறது வேகமா சுத்தும்போது. ஐடில்ல அதில பாதி வந்தாலே அதிகம். ஏசி போடும்போது ஐடில் 900-க்கு ஏறுற மாதிரி ஐடில்-அப் வெச்சாத்தான் சிக்னல் பிரச்சனை தீரும்.

ஆல்டர்னேட்டருக்குப் பதில் டைனமோ இருக்கிற பழைய வண்டிக்காரங்க இதைப் படிச்சா ஒண்ணு. பாடியில பேட்டரியோட எந்த முனை இருக்குன்னு முதல்ல பாருங்க. பாசிட்டிவ் எர்த் (பாசிட்டிவ் முனை பாடியில இருக்கிற) வண்டியில ஆல்டர்னேட்டரை அப்படியே மாட்டினா டயோடு அந்த நொடியே காலி. வண்டி ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி சார்ஜ் பார்க்கிற பழைய பழக்கமும் வேண்டாம், அதுவும் டயோடைக் கொல்லும்.

எல்லாம் முடிஞ்சதும் 1500 ஆர்பிஎம்ல முழு லோடில பேட்டரியில 13.8-க்குக் குறையாம இருக்கணும். கால் மணி நேரம் கழிச்சு இன்ஜினை நிறுத்திட்டு லக் ஒவ்வொண்ணையும் தொட்டுப் பாருங்க. கை வைக்க முடியாம சுட்டா அந்தக் கிரிம்பை வெட்டி மறுபடி அடிங்க.