இரட்டை சைலன்சர் மாட்டிய பிறகு இடப்பக்கம் மட்டும் பட்பட் சத்தம்: ரீமேப் செய்தால் போதுமா?

குரூஸர்பிரியன்:
வணக்கம். என்னுடையது காற்றில் குளிரும் வி-ட்வின் (V வடிவில் இரண்டு சிலிண்டர்) குரூஸர், ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். பழைய சைலன்சரில் இரண்டு பெண்ட் பைப்பும் (சிலிண்டரிலிருந்து புகையைக் கொண்டுவரும் வளைந்த குழாய்) நடுவில் ஒன்றாகச் சேர்ந்து வலப்பக்கம் வெளியே வரும். அதைக் கழற்றிவிட்டு, பக்கத்துக்கு ஒன்றாக இரட்டை சைலன்சர் மாட்டியிருக்கிறேன். முன் சிலிண்டரின் குழாய் வலப்பக்கம் போகிறது. பின் சிலிண்டரின் குழாய் எஞ்சினுக்குப் பின்னால் குறுக்கே வளைந்து இடப்பக்கம் வருகிறது. இரண்டு ஆக்ஸிஜன் சென்சாரும் புதுக் குழாயில் உட்கார்ந்துவிட்டன.

ஐட்லிங் நன்றாக இருக்கிறது, இழுவையிலும் குறையில்லை. ஆனால் கியரில் போகும்போது ஆக்ஸிலேட்டரை மூடினால் இடப்பக்கம் பட்பட்டென்று வெடிக்கிறது. வலப்பக்கம் அமைதி. இன்னொன்று: எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் அதே பக்கம் டிக் டிக் என்று ஒரு சத்தம், சூடானதும் அடங்கிவிடுகிறது. பார்த்தவர்கள் எல்லோரும் ரீமேப் செய்யச் சொல்கிறார்கள், அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரில் பெட்ரோல் அளவுக் கணக்கை மாற்றி எழுதுவது. அது போதுமா?

நெடுவழி:
ரீமேப்தான். சைலன்சரைத் திறந்த மாதிரி ஆக்கினால் கலவை லீன் ஆகும், அதாவது காற்று கூடிப் பெட்ரோல் குறையும். லீன் ஆனால் வெடிக்கும். வண்டியில் இரண்டாம் நிலைக் காற்று வால்வு இருக்கிறதா என்றும் பாருங்கள். அது எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குள் (சிலிண்டரில் புகை வெளியேறும் வாய்) புதுக்காற்றை விடும். திறந்த சைலன்சரில் அதுவே வெடிக்க வைக்கும்.

ஸ்பானர்பிடி:
தம்பி, ரீமேப் பக்கம் இப்போது போக வேண்டாம். கலவைதான் காரணம் என்றால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் வெடிக்கும். உங்களுக்கு ஒரு பக்கம் மட்டும், அதுவும் ஆறிய எஞ்சினில் டிக் டிக். உலோகம் சூட்டில் விரிந்ததும் அது அடங்குகிறது என்றால் எங்கோ லீக் இருக்கிறது.

எக்ஸாஸ்ட் வாயு ஒரே சீராக வெளியேறுவதில்லை, துடிப்பு துடிப்பாகத்தான் வரும். ஒரு துடிப்பு போனதும் குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கீழே இறங்கும். அந்த நொடியில் ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போகும். ஆக்ஸிலேட்டரை மூடும்போது எரியாமல் வரும் பெட்ரோல் ஆவி, சூடான குழாயில் அந்தக் காற்றோடு சேர்ந்தால் வெடிக்கத்தான் செய்யும்.

லீக் சென்சாருக்கு முன்னால் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். வெளிக்காற்றின் ஆக்ஸிஜனைப் பார்த்து சென்சார் 'லீன்' என்று சொல்லும். ஈசியூவும் (எஞ்சின் கம்ப்யூட்டர்) அதை நம்பி, 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற கணக்கை எட்டுவதாக நினைத்துப் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகும். இந்த நிலையில் ரீமேப் செய்தால் ஓட்டைக்குத் தகுந்தபடி மேப் எழுதுவதாகிவிடும். பிறகு ஓட்டையை அடைத்தால் அந்த மேப் எதற்கும் ஆகாது.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, வேக்யூம் கிளீனரின் காற்று ஊதும் பக்கத்தை இடது சைலன்சரின் வாயில் துணி சுற்றிச் செருகுங்கள். அப்புறம் சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு இணைப்பிலும் தெளியுங்கள். குமிழி வருகிற இடத்தைப் படம் எடுத்துப் போடுங்கள்.

குரூஸர்பிரியன்:
அண்ணே, இரண்டு இடத்தில் குமிழி வந்தது. ஒன்று, பின் சிலிண்டரோடு குழாயைப் பிடிக்கும் ஃப்ளாஞ்சின் மேல் ஓரம். மெல்லிய நுரை, கீழ்ப்பக்கம் சுத்தமாக இருக்கிறது. இன்னொன்று, சைலன்சர் பெண்ட் பைப் மேல் ஏறும் இடம். சைலன்சரின் கழுத்தில் கிளாம்ப் இறுகுவதற்காக நீளவாக்கில் வெட்டு விட்டிருக்கிறார்கள். பெண்ட் பைப் அந்த வெட்டின் முடிவு வரை உள்ளே போகவில்லை. வெட்டின் நுனி விரல் நகம் நுழையும் அளவுக்குத் திறந்திருக்கிறது. சுற்றிலும் கரிக்கோடு. சைலன்சரை இன்னும் உள்ளே தள்ளலாம் என்றால் பின் பிராக்கெட்டின் போல்ட் துளை சேர மாட்டேன் என்கிறது.

ஸ்பானர்பிடி:
இரண்டுக்கும் காரணம் அந்த பிராக்கெட்தான். அது சைலன்சரைப் பின்னால் இழுத்துப் பிடிப்பதால் வெட்டு மூடவில்லை. அதே இழுப்பில் பெண்ட் பைப் சாய்ந்து, போர்ட்டில் கேஸ்கெட் ஒரு பக்கமாக நசுங்கியிருக்கிறது. வெட்டு வெளியே தெரியும் வரை எந்த கிளாம்ப்பை எவ்வளவு முறுக்கினாலும் அடைபடாது. பேஸ்ட் போட்டு அடைக்கவும் வேண்டாம், சில நாளில் கருகி உதிர்ந்துவிடும்.

எல்லாவற்றையும் தளர்த்துங்கள். நசுங்கிய கேஸ்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வையுங்கள். ஃப்ளாஞ்ச் நட்டுகளைக் கையால் மட்டும் ஏற்றி, சைலன்சரை வெட்டு முழுக்க மறையும் வரை தள்ளுங்கள். இப்போது பிராக்கெட் துளை எங்கே நிற்கிறதோ, அதற்கேற்ப துளையை அரத்தால் நீளமாக்குங்கள். பக்கவாட்டில் இடைவெளி இருந்தால் வாஷர் கொடுங்கள். போல்ட்டை வைத்துக் குழாயை இழுத்துச் சேர்க்கவே கூடாது. அப்படி இழுத்தால் எஞ்சின் அதிர்வில் வெல்டிங் விரிசல் விடும், இல்லையென்றால் ஃப்ளாஞ்ச் நட்டு ஏறும் ஸ்டட் ஒடியும். சிலிண்டர் ஹெட்டுக்குள் ஒடிந்த ஸ்டட்டை எடுப்பது பெரும்பாடு.

குழாய் எங்கும் இழுபடாமல் தானாக உட்கார்ந்த பிறகு, ஹெட்டில் தொடங்கிப் பின்னோக்கி இறுக்குங்கள். ஃப்ளாஞ்சில் ஒரு நட்டை முழுக்க முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் மறுபடியும் சாயும். ஹார்லியின் ட்வின் கேம் எஞ்சினில் மேல் நட்டை முதலில் 1 முதல் 2 நியூட்டன் மீட்டர், பிறகு கீழ் நட்டை 11 முதல் 14, கடைசியில் மேல் நட்டையும் அதே அளவு என்று கொடுத்திருப்பார்கள். உங்கள் வண்டிக்கான எண்ணைக் கையேட்டில் பார்த்து, டார்க் ரெஞ்ச் (முறுக்கு அளவு காட்டும் ஸ்பானர்) வைத்தே முறுக்குங்கள்.

இடப்பக்கம் சைட் ஸ்டாண்ட் மடங்கும்போது சைலன்சரில் இடிக்கிறதா, ஆள் உட்கார்ந்து சஸ்பென்ஷன் இறங்கும்போது ஸ்விங் ஆர்ம் உரசுகிறதா என்றும் பாருங்கள். குறுக்கே வரும் குழாயை ஒட்டி பிரேக் ஹோஸோ வயரோ இருக்கக் கூடாது.

மெதுவோட்டம்:
ஒரு சின்ன விஷயம். ஸ்டார்ட் செய்யும் முன் குரோம் முழுவதையும் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள். கைரேகையும் எண்ணெயும் சூட்டில் பதிந்தால் அப்புறம் போகாது. சென்சாரைக் கழற்றினால் ஆன்ட்டி சீஸ் (மரை இறுகிப் பிடிக்காமல் தடுக்கும் பேஸ்ட்) மரையில் மட்டும், முனையில் படவே கூடாது.

குரூஸர்பிரியன்:
அண்ணே, டிக் டிக் சுத்தமாக நின்றுவிட்டது! துளையை நீளமாக்கியதும் சைலன்சர் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. மறுபடி சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தேன், ஒரு குமிழி இல்லை. பட்பட் முக்கால்வாசி குறைந்துவிட்டது. மீதி இருப்பது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, மெலிதாக. ஆனால் இடது பெண்ட் பைப் ஹெட்டுக்குப் பக்கத்தில் வைக்கோல் நிறமாகிறது. கவலைப்படணுமா?

ஸ்பானர்பிடி:
நல்லது தம்பி. சாதா இரும்பு 230 டிகிரி செல்சியஸ் வாக்கில் வைக்கோல் நிறமாகும், 300 நெருங்கும்போது நீலமாகும். ஒற்றைச் சுவர் குழாயில் ஹெட்டை ஒட்டி இந்த நிறம் வருவது சாதாரணம். பின் சிலிண்டருக்குக் காற்று குறைவாகத்தான் கிடைக்கும், அதனால் அந்தக் குழாய் முந்திக்கொள்ளும். நீலம் கீழ்நோக்கி வேகமாகப் பரவினால் அந்த சிலிண்டர் லீன் என்று சந்தேகப்படுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள்.

மீதி சத்தத்துக்கு நெடுவழி சொன்னதுதான் சரி. காற்று வால்வைப் பார்த்துவிட்டு ரீமேப்புக்குப் போங்கள். காற்று-பெட்ரோல் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சாரை இரண்டு குழாயிலும் தனித்தனியாக வைத்து, சிலிண்டருக்கு ஒரு கணக்காகச் செய்யச் சொல்லுங்கள். அதற்கு முன், ஒரு ஓட்டம் போய் வந்து எஞ்சின் ஆறியதும் ஃப்ளாஞ்ச் நட்டுகளை இன்னொரு முறை டார்க் ரெஞ்சால் பார்த்துவிடுங்கள். புது கேஸ்கெட் முதல் சூட்டில் கொஞ்சம் அமுங்கும்.