வீட்டு சிஎன்சி மேசைக்கு எந்த பிளாஸ்மா கட்டர்? வயரிங் எப்படி?

கணபதி_பட்டறை:
வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் நாலுக்கு நாலு அடியில், கம்ப்யூட்டர் சொல்கிறபடி நகரும் ஒரு சிஎன்சி மேசை செய்து வைத்திருக்கிறேன். நீமா 23 மோட்டார், அதை ஓட்ட ஜிஆர்பிஎல் மென்பொருள் உள்ள போர்டு, லேப்டாப்பிலிருந்து யுஎஸ்பி. பேனாவைக் கட்டி வரைந்து பார்த்தேன், வட்டம் வட்டமாகவே வருகிறது. இனி மின் ஆர்க்கும் காற்றும் சேர்ந்து தகட்டை வெட்டும் பிளாஸ்மா கட்டர் வாங்க வேண்டும். கேட், கிரில் டிசைன், பெயர்ப்பலகைதான் வேலை. எம்எஸ் (சாதாரண இரும்பு) தகடு, பெரும்பாலும் 3 மிமீ, எப்போதாவது 6. கடையில் ஒரு கட் 50 மெஷினைக் காட்டி, 12 மிமீ தகட்டை அல்வா மாதிரி வெட்டும் என்கிறார்கள். அட்டையில் எச்எஃப் ஸ்டார்ட் என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா? டார்ச் பொத்தானுக்குப் போகும் இரண்டு வயரை போர்டில் எங்கே கொடுப்பது? வீட்டில் சிங்கிள் பேஸ்தான்.

பழைய_வெல்டர்:
தம்பி, ஆம்பியரை அப்புறம் பார்க்கலாம், முதலில் அந்த மெஷின் ஆர்க்கை எப்படிப் பிடிக்கிறது என்று பாருங்கள். எச்எஃப் என்றால் ஆயிரக்கணக்கான வோல்ட்டில் உயர் அதிர்வெண் பொறி. கையில் பிடித்து வெட்டினால் ஒரு தொந்தரவும் இல்லை. மேசையில் மாட்டினால் டார்ச் கேபிளே ஆன்டெனா ஆகிவிடும். நானும் விலை குறைவு என்று அதைத்தான் முதலில் வாங்கினேன். டார்ச் பற்றும் ஒவ்வொரு தடவையும் மேசையின் ஓரம் வந்ததைச் சொல்லும் லிமிட் சுவிட்ச் தட்டியதாக போர்டு நினைத்துக்கொண்டு நிற்கும், இல்லாவிட்டால் யுஎஸ்பி அறுந்துபோகும், மூன்றாவது வாரம் போர்டே போய்விட்டது. உங்களுடையதும் யுஎஸ்பி, அதனால் சொல்கிறேன்.

கேட்டு வாங்க வேண்டியது எச்எஃப் இல்லாத பைலட் ஆர்க், அதாவது தகட்டைத் தொடாமலே டார்ச்சுக்குள் முதலில் பற்றும் சின்ன ஆர்க். புளோபேக் என்பார்கள். டார்ச்சுக்குள் எலக்ட்ரோடும் முனையிலுள்ள நாஸிலும் முதலில் ஒட்டியிருக்கும், காற்று தள்ளிப் பிரிக்கிற நொடியில் பொறி வரும், அவ்வளவுதான். நாஸிலைத் தகட்டில் உரசினால்தான் பற்றும் என்கிற மெஷினும் இருக்கிறது, அது மேசைக்கு உதவாது.

12 மிமீ கதையையும் நம்பாதீர்கள். ஓரத்திலிருந்து வெட்டுவது வேறு, தகட்டின் நடுவே துளை போட்டுத் தொடங்குவது வேறு. ஹைப்பர்தெர்ம் கம்பெனியின் பவர்மேக்ஸ் 45 எக்ஸ்பி மெஷினுக்கே வெட்டு 16 மிமீ, துளை 12 மிமீ என்றுதான் போட்டிருக்கிறார்கள். உங்கள் 3 மிமீக்கு 40 ஆம்பியர் தாராளம். கைடார்ச் வளைந்திருக்கும், மேசைக்கு நேரான மெஷின் டார்ச் கிடைக்குமா என்றும் கேளுங்கள்.

ரிலே_ராணி:
அண்ணன் சொன்னது சரி. வயரிங்குக்கு வருகிறேன். அந்த இரண்டு வயரையும் தயவுசெய்து போர்டில் நேராகக் கொடுக்காதீர்கள். பொத்தான் செய்வது இரண்டு முனையை ஒட்டுவது மட்டுமே, அதையே ஒரு ரிலே செய்யட்டும். போர்டின் ஸ்பிண்டில் அவுட்புட் ஆப்டோ (இரு பக்கத்தையும் ஒளியால் பிரித்து வைப்பது) உள்ள ரிலே மாட்யூலுக்கு, ரிலேயின் காமனும் என்ஓவும் (வழக்கமாகத் திறந்திருக்கும் முனை) டார்ச் வயருக்கு. போர்டின் 5 வோல்ட் அந்தப் பக்கம் போகவே கூடாது.

மேசையோடு இணைக்கவே சிஎன்சி போர்ட் என்ற சாக்கெட் உள்ள மெஷின் என்றால் வேலை இன்னும் சுத்தம். பவர்மேக்ஸில் 14 பின் சாக்கெட்: 3, 4 ஸ்டார்ட்; 12, 14 ஆர்க் பற்றியதும் மூடும் தொடர்பு; 5, 6 பிரித்துக் குறைத்த ஆர்க் வோல்டேஜ், வழக்கமாக 50க்கு 1. அந்த 12, 14 முக்கியம். ஆர்க் பற்றாமலே மேசை நகர்ந்தால் தகடு வீண். இந்த வசதி இல்லாத மெஷினில் தகட்டுக்குப் போகும் வொர்க் கேபிளைச் சில சுற்றுச் சுற்றி நடுவே ரீட் சுவிட்ச் (காந்தத்தால் மூடும் சுவிட்ச்) வைப்பவர்கள் உண்டு, கரண்ட் ஓடினால் அது மூடிக்கொள்ளும்.

எர்த்தில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். வொர்க் கிளாம்பை மேசைக் காலில் மாட்டாமல் தகட்டிலேயே மாட்டுங்கள். மேசை, மெஷின் பெட்டி, கன்ட்ரோல் பெட்டி எல்லாவற்றின் எர்த்தும் ஒரே புள்ளிக்கு வரட்டும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வேண்டாம். தனி எர்த் ராடு அடித்தால் அதையும் வீட்டு எர்த்தோடு இணைக்க வேண்டும். ஷீல்டு கேபிளின் உறையை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள், டார்ச் கேபிளும் மோட்டார் வயரும் ஒரே கேபிள் செயினில் போகாமல் பாருங்கள்.

கணபதி_பட்டறை:
நல்லவேளை, அட்வான்ஸ் மட்டும்தான் கொடுத்திருக்கிறேன், மாற்றிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். டார்ச் உயரத்தைத் தானே சரிசெய்யும் டிஎச்சி இப்போதே வேண்டுமா? கரண்ட், காற்று விஷயத்தில் என்ன பார்க்க வேண்டும்? இருப்பது 1 எச்பி கம்ப்ரசர்.

பழைய_வெல்டர்:
பெயர்ப்பலகை அளவுக்கு டிஎச்சி இல்லாமல் ஓட்டலாம். பெரிய கிரில் டிசைன் என்றால் சூட்டில் தகடு எழும்பும், டார்ச் போய் முட்டும். ஜிஆர்பிஎல்லில் அது உள்ளேயே கிடையாது. லினக்ஸ்சிஎன்சி என்ற மென்பொருளுக்கு மாறினால் அதில் பிளாஸ்மாவுக்கென்றே கியூடிபிளாஸ்மாசி இருக்கிறது, ஆர்க் வோல்டேஜை அளக்க மெசா டிஎச்கேட் கார்டு போட்டுக்கொள்ளலாம். மல்டிமீட்டரோடு மெஷினைத் திறந்து ஆர்க் வோல்டேஜைத் தேடாதீர்கள், வெட்டாதபோது 200 வோல்ட்டைத் தாண்டியே நிற்கும்.

சிங்கிள் பேஸ் போதும், ஆனால் 16 ஆம்பியர் சாக்கெட்டில் சொருகாதீர்கள். 45 எக்ஸ்பி முழு லோடில் 32 ஆம்பியருக்கு மேலேயே இழுக்கும். வாங்கும் மெஷினின் ரேட்டிங் பிளேட்டில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து, அதற்கு ஏற்ற தடிமனில் தனி வயரும் எம்சிபியும் எலக்ட்ரீஷியனை வைத்துப் போடுங்கள், உங்கள் இணைப்பு அந்த லோடைத் தாங்குமா என்றும் கேட்டுவிடுங்கள்.

1 எச்பி போதாது. 45 எக்ஸ்பி கேட்பது நிமிடத்துக்கு 188 லிட்டர் காற்று, 5.9 பாரில். 3 எச்பியாவது பாருங்கள், நடுவில் ஈரம் பிரிக்கும் ஃபில்டர் கட்டாயம். மழை நாளில் டேங்கைத் திறந்துவிட்டால் டம்ளர் கணக்கில் தண்ணீர் வரும். அந்த ஈரம் டார்ச்சுக்குப் போனால் நாஸில் வாங்கியே சம்பளம் தீர்ந்துவிடும்.