குளோரி: மேகவளையமா, எதிர்வட்டமா?

அனைவருக்கும் வணக்கம். வானில் தெரியும் மூன்று வகை ஒளி வளையங்களுக்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் நம் உரையாடலில் நண்பர் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> விமானத்தின் நிழலைச் சுற்றி மேகத்தின் மேல் தெரியும் வண்ண வளையத்துக்கு, அதாவது குளோரிக்கு, "மேகவளையம்" என்று வைக்கலாம். சூரியனையோ நிலவையோ தள்ளி நின்று சூழும் பெரிய வட்டமான ஹேலோவுக்குப் "பனிவட்டம்", அவற்றை ஒட்டித் தெரியும் சிறிய வட்டமான கொரோனாவுக்குத் "துளிவட்டம்". எதனால் உண்டாகிறது என்பது பெயரிலேயே வந்துவிடும்.

இந்த வழியை நான் ஏற்கவில்லை. மூன்றையும் "ஒளிவட்டம்" என்ற ஒரே சொல்லில் அடைத்துவந்த குழப்பத்தை நண்பர் பிரிக்க முயன்றது நல்ல தொடக்கம். ஆனால் கலைச்சொல் வானத்துக்கு மட்டும் பொருந்தினால் போதாது. அதே காட்சியை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கும்போதும் அது நிற்க வேண்டும்.

ஹேலோவைப் பாருங்கள். உயர மேகங்களில் மிதக்கும் அறுகோணப் பனிப்படிகம் 60 பாகை முப்பட்டகம்போல் வேலை செய்கிறது. அதில் நுழைந்து வெளியேறும் கதிர் குறைந்தது 22 பாகை திரும்பியே ஆக வேண்டும். அதனால்தான் வளையத்தின் உள்விளிம்பு கூர்மையாக, சிவப்பாக இருக்கிறது. உள்ளே வானம் சற்று இருண்டு தெரிகிறது. இப்போது படிகாரக் கரைசலைக் கண்ணாடித் தட்டில் பூசி, நுண்படிகங்கள் படிந்ததும் அதன் வழியே ஒரு விளக்கைப் பாருங்கள். கோணம் மாறும், ஆனால் வட்டம் தெரியும். அங்கே பனி ஏது?

துளிவட்டமும் அப்படித்தான். நிலவை ஒட்டித் தெரியும் சிறிய வண்ண வட்டம் ஒளியின் விளிம்பு விளைவால், அதாவது நுண்துகளின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால், வருவது. நுண்துகள்கள் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் போதும். அவை நீராக இருக்க வேண்டியதில்லை. மரங்களின் மகரந்தம் காற்றில் மிதக்கும் நாட்களில் மகரந்தமே சூரியனைச் சுற்றி இந்த வட்டத்தை வரைந்துவிடுகிறது.

குளோரிக்கு வருகிறேன். என் மனத்தை மிகவும் கவர்ந்தது இதுதான். 1894 செப்டம்பரில் சி. டி. ஆர். வில்சன் என்ற இளம் இயற்பியலாளர் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலையுச்சி வானிலை நிலையத்தில் சில நாட்கள் தங்கியிருந்தார். சூரியனைச் சூழ்ந்த வண்ண வளையங்களையும், மேகத்தில் விழுந்த நிழலைச் சூழ்ந்த வளையங்களையும் கண்டு, இவற்றை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்க வேண்டும் என்று விரும்பினார். ஈரக்காற்றைச் சட்டென விரிவடையச் செய்து குடுவைக்குள் மேகம் படைத்தார். அந்த முயற்சி வளர்ந்து முகிற்கலம் (cloud chamber) என்னும் கருவியாகி, 1911-இல் அணுத்துகள்களின் தடங்களையே கண்ணுக்குக் காட்டியது. 1927-இல் நோபல் பரிசும் வந்தது. ஒரு வானக் காட்சியைத் திரும்பச் செய்து பார்க்க எழுந்த ஆசை, துகள் இயற்பியலுக்கு ஒரு கண்ணைக் கொடுத்திருக்கிறது! இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

உருவாகும் முறையைப் பெயரில் வைக்கலாமே என்றும் கேட்கலாம். குளோரியில் அதுவும் எளிதன்று. துளியின் விளிம்பை உரசி உள்ளே நுழைந்து ஒருமுறை எதிரொளித்து வெளிவரும் கதிர், வந்த வழியே நேராகத் திரும்பினால்தான் இந்த வளையம் உருவாக முடியும். நீரின் ஒளிவிலகல் எண் 1.33. அந்த எண்ணுக்கு அந்தக் கதிர் நேராகத் திரும்பாது. ஏறக்குறைய 15 பாகை குறைகிறது. 1908-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் குஸ்டாவ் மீ தந்த சமன்பாடுகள் வளையத்தைச் சரியாகக் கணித்துவிடும், ஏன் என்று சொல்லா. துளியின் புறப்பரப்பை ஒட்டித் தவழும் அலைகள் அந்த இடைவெளியை நிரப்புகின்றன என்பது பின்னர் வந்த விளக்கம். விளக்கம் இன்னும் நுட்பமாகலாம். அப்போதெல்லாம் பெயரை மாற்ற முடியாது.

ஆகவே வளையம் எதைச் சூழ்ந்து தெரிகிறதோ அதைக்கொண்டு பெயர் வைப்போம். குளோரிக்கு என் முன்மொழிவு: நிழல்சூழ் வளையம். முதலில், சூரியனையும் நிலவையும் சூழும் வட்டத்தைக் குறிக்கும் பழைய "ஊர்கோள்" என்னும் சொல்லைப் பின்பற்றி "நிழற்கோள்" என்று எண்ணினேன். அது ராகு கேதுவுக்கு வழங்கும் பெயர் என்பதால் விட்டுவிட்டேன்.

-----

ஐயா, வணக்கம்.

பொருளை விட்டு இடத்தைப் பிடியுங்கள் என்ற வாதம் சரி. ஆனால் "நிழல்" நிற்காது. விமானம் மிக உயரத்தில் பறக்கும்போது அதன் நிழல் மங்கி மறைந்துவிடும். வளையம் மட்டும் மேகத்தின்மேல் கூடவே வரும். அதைவிட வலுவான சான்று வெள்ளிக் கோள். 2011-இல் வீனஸ் எக்ஸ்பிரஸ் விண்கலம் அங்கே குளோரியைப் படம் பிடித்தது. வெள்ளியின் மேகங்கள் கந்தக அமிலத் துளிகளாலானவை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உயரத்தில் இருந்த அந்தக் கலத்தின் நிழலை அங்கே யார் பார்க்க முடியும்?

வளையத்தின் மையம் உண்மையில் நிழல் அன்று. சூரியனுக்கு நேர் எதிரே உள்ள புள்ளி. "எதிர்வட்டம்" என்று சொன்னால் என்ன?

-----

அம்மா, ஏற்கிறேன். வெள்ளி எடுத்துக்காட்டு என் சொல்லை வீழ்த்திவிட்டது. அதைவிட நல்ல சொல் கிடைத்தது. "எதிர்வட்டம்" ஆய்வுக்கூடத்திலும் நிற்கும்: சூரியனுக்குப் பதில் விளக்கை வைத்தாலும் வட்டம் அதற்கு எதிர்ப்புறம்தான் தோன்றும்.

ஒரு தடை எழலாம். வானவில்லின் மையமும் அதே எதிர்ப்புள்ளிதான், 42 பாகை தள்ளி. ஆனால் வானவில்லுக்கு எவரும் அசைக்க முடியாத பெயர் இருக்கிறது, குழப்பம் வராது.

இந்தச் சொல் மற்ற இரண்டுக்கும் வழி திறக்கிறது. "அகல்வட்டம் பகல்மழை" என்ற பழமொழி நிலவைத் தள்ளி நின்று சூழும் பெரிய வட்டத்தைச் சொல்கிறது. 22 பாகை ஹேலோ அதுவேதான். புதுச்சொல் தேட வேண்டியதே இல்லை. கொரோனா நிலவை அணைத்தாற்போல் நிற்பதால் "அணைவட்டம்". சூரியனின் வெளி வளிமண்டலத்துக்கும் கொரோனா என்றே பெயர் இருப்பதால், "மகுடம்" போன்ற சொற்களை அதற்கு விட்டுவிடலாம்.

அகல்வட்டம், அணைவட்டம், எதிர்வட்டம். முதலிரண்டும் வினைத்தொகை, மூன்றும் வாயில் எளிதாக நுழைகின்றன. "அணைவட்டம்" என்றதும் நீர்த்தேக்க அணை நினைவுக்கு வருமா என்பதில்தான் எனக்குத் தயக்கம். பாடம் நடத்துபவர்கள் மாணவர்களிடம் சொல்லிப் பார்த்து எழுதுங்கள். அதுவரை அந்த ஒன்றை மட்டும் பட்டியலில் கேள்விக்குறியோடு வைத்திருக்கிறேன்.