ஆட்சி மாறினால் சர்ச் கூட்டம் மாறுமா? (பந்தல் விவகாரம்)

நரிமேட்டான்:
நேற்று இன்னொரு இழையில் 'அரசரடி மாப்ள' ஒரு முத்தை உதிர்த்திருக்கிறார். 2002-ல் ஜெயலலிதா கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்ததும் மதுரையில் சர்ச்செல்லாம் ஈயோட்டியதாம். 2004-ல் சட்டம் போனதும் மறுபடி நிரம்பியதாம். படித்துவிட்டு ராத்திரி தூக்கமே வரவில்லை. 2002 கிறிஸ்துமஸுக்கு எங்கள் சர்ச்சில் உள்ளே இடமில்லாமல் வாசலில் பந்தல் போட்டோம். வண்டியிலிருந்து இரும்பு நாற்காலி இறக்கியதில் என் கட்டைவிரல் நகம் பெயர்ந்தது, இன்றுவரை கோணலாகத்தான் வளர்கிறது. ஈயோட்டிய இடத்தில் பந்தல் எதற்கு ஐயா?

அரசரடி மாப்ள:
அண்ணே, கிறிஸ்துமஸுக்குப் பந்தல் போடாத சர்ச் எது? வருஷத்துக்கு ஒருநாள் பட்டுச்சேலையோடு வருகிற கூட்டத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நான் சொன்னது சாதாரண ஞாயிறு. மூன்று வருஷம் ஜெயில், 50 ஆயிரம் அபராதம். பெண்கள், சிறுவர்கள், தலித் மக்கள் என்றால் நாலு வருஷம், ஒரு லட்சம். புதிதாக வந்துகொண்டிருந்தவன் பயப்படுவானா மாட்டானா? எங்கள் தெருவில் நாலு வீடு அப்படி நின்றுபோனதைக் கண்ணால் பார்த்தேன்.

நரிமேட்டான்:
சட்டத்தைப் படித்தீர்களா, டீக்கடையில் கேட்டீர்களா? அந்தத் தண்டனை கட்டாயப்படுத்தி மாற்றுகிறவருக்கு. கலெக்டருக்குத் தகவல் சொல்ல வேண்டியதும் சடங்கு நடத்துகிறவர். ஞாயிற்றுக்கிழமை வந்து பாட்டுப் பாடிவிட்டுப் போகிறவனுக்கு என்ன பயம்? சரி, பந்தலுக்குப் பதில் சொல்லுங்கள்.

பசுமலை டீச்சர்:
இரண்டு பேரும் இரண்டு வேறு விஷயத்தைப் பேசுகிறீர்கள். ஞாயிறன்று வந்து உட்காருவது ஒன்று, படிவத்தில் மதம் என்று எழுதுவது வேறு. சர்ச்சுக்குப் போகிற எத்தனையோ தலித் குடும்பங்கள் சான்றிதழில் இந்து என்றே வைத்திருக்கின்றன. 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதிச் சலுகை இந்துக்களுக்கு மட்டும். 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. இங்கே மதம் மாறினால் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்தான். 2024 நவம்பரில் புதுச்சேரி வழக்கில் உச்ச நீதிமன்றமும், ஞானஸ்நானம் வாங்கிவிட்டு வேலைக்காக இந்து என்று சான்றிதழ் கேட்பது ஏமாற்று என்று சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் கிறிஸ்தவர் 2001 கணக்கெடுப்பில் 6.07 சதவீதம், 2011-ல் 6.12. நடுவில் அந்தச் சட்டம் வந்தது, போனது, ஆட்சியும் மாறியது. எண் நகரவே இல்லை. ஆனால் அந்த எண்ணை வைத்து நாற்காலியை எண்ண முடியாது. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் முடிவு செய்யுங்களேன்.

நரிமேட்டான்:
டீச்சர், அருமையான விளக்கம். எண் நகரவில்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அது எனக்குப் போதும். பந்தலைப் பற்றி மாப்ள இன்னும் வாய் திறக்கவில்லை.

செல்லூர் தறி:
நான் திறக்கிறேன். அந்த வருஷம் உங்கள் சர்ச்சில் ஓடு மாற்றினார்கள். பாதிக் கூரை திறந்து கிடந்தது. பெஞ்சில் எல்லாம் சுண்ணாம்பும் காரையும். ஜனங்களை எங்கே உட்கார வைப்பது? அதனால்தான் பந்தல். கூட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வேலை பார்த்த கொத்தனார் என் சித்தப்பா.

நரிமேட்டான்:
ஓடு மாற்றியது 2003 ஏப்ரல். எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஏப்ரல். பந்தல் 2002 டிசம்பர். வைகை அணையில் தெர்மோகோல் மிதக்கவிட்ட ஊர்க்காரரிடம் கூரையைப் பற்றி வேறென்ன கேட்க முடியும்.

செல்லூர் தறி:
தெர்மோகோல் விட்டது அமைச்சர். ஊர் என்ன செய்யும்? அணை இருப்பது தேனி மாவட்டத்தில். போன வருஷம் ஜிகர்தண்டா இழையிலும் இதே தெர்மோகோல்தான், இப்போதும் அதேதான். வேறு சரக்கு இல்லையா?

ஓரியூர் சூசை:
அரசியலால் மாறாது என்று நரிமேட்டார் சாதிப்பது சிரிப்பாக இருக்கிறது. 1693-ல் மறவர் சீமை இளவரசர் தடியத்தேவர் ஞானஸ்நானம் வாங்கி ஒரு மனைவியோடு நின்றார். விலக்கப்பட்ட மனைவியரில் ஒருவர் ராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் உறவு. அதனால் எங்கள் ஊரில் சேசு சபைச் சாமியார் அருளானந்தர் தலை போனது. அதற்குப் பிறகு 1773-ல் ஐரோப்பிய மன்னர்கள் நெருக்கி, பாப்பரசர் சேசு சபையைக் கலைத்தார். எங்கோ லிஸ்பன் அரண்மனையிலும் பாரிஸிலும் கிளம்பிய கோபத்தால், இங்கே மதுரை மிஷனில் பூசை வைக்கப் போதிய சாமியார் இல்லாமல் போனது. சேசு சபைச் சாமிமார் திரும்பி வந்தது 1838-ல். அறுபத்தைந்து வருஷம்! அரசியல் கோயிலைக் காலி செய்யும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? 1947-ல் பிறந்த சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்கு இதெல்லாம் தெரிய நியாயமில்லை.

நரிமேட்டான்:
1947 எங்களுக்குப் பெயர் வைத்த வருஷம். அமெரிக்கன் மிஷன் மதுரைக்கு வந்தது 1834. உங்கள் சாமிமார் திரும்பி வருவதற்கு நாலு வருஷம் முன்னாலேயே நாங்கள் இங்கே பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தோம். 1773-ல் பந்தல் போட்டார்களா, சூசை?

ஓரியூர் சூசை:
எங்களுக்குப் பந்தல் எதற்கு? கோயிலே பெரிசு.

லைப்சிக் மதுரைக்காரன்:
இங்கே நடந்ததைச் சொல்கிறேன். கிழக்கு ஜெர்மனியின் கம்யூனிஸ்ட் ஆட்சியில் இங்குள்ள நிக்கோலாய் சர்ச்சில் திங்கள்தோறும் சமாதான ஜெபம். 1989 அக்டோபர் 9 அன்று உள்ளே இடமில்லை, வெளியே தெருவில் சுமார் 70 ஆயிரம் பேர். அப்புறம் பெர்லின் சுவர் விழுந்தது, ஜெர்மனி ஒன்றானது. சபையில் பெயர் இருந்தால் வருமான வரியோடு சர்ச் வரியும் பிடிப்பார்கள் என்றானதும், ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுப் பெயரை எடுத்தவர்கள் ஏராளம். ஆட்சிக்குப் பயந்தபோது நிரம்பியது, பயம் போனதும் காலி. மாப்ள சொன்னதற்கு நேர் எதிர்.

அரசரடி மாப்ள:
எதிரோ நேரோ, ஆட்சியால் மாறுகிறது என்பதுதானே என் பேச்சு! நன்றி அண்ணே.

நரிமேட்டான்:
லைப்சிக்கில் ஓடு மாற்றினால் எனக்கென்ன. நரிமேட்டுப் பந்தலுக்கு வாருங்கள்.

முன்னாள் கமிட்டி:
இவ்வளவு நாள் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஜனவரியில் சபைக் கமிட்டி எலெக்‌ஷன். சந்தா பாக்கி இல்லாதவர்களுக்குத்தான் ஓட்டு. டிசம்பர் முழுக்க இரண்டு அணியும் வேன் வைத்து ஆள் கூட்டி வந்தது. ஆராதனை முடிவதற்குள் வாசலில் பொட்டலம் வந்துவிடும். பந்தல் வாடகை கொடுத்தது எந்த அணி என்று நரிமேட்டாருக்கு நன்றாகத் தெரியும்.

செல்லூர் தறி:
ஆஹா! பிரியாணியா, தக்காளிச் சாதமா?

நரிமேட்டான்:
நான் நின்றேன், தோற்றேன். கூட்டம் என் ஆட்கள் என்றால் நான் ஏன் தோற்கிறேன்? முன்னாள் கமிட்டி யாரென்று எழுத்துப் பிழையிலேயே தெரிகிறது. 2005 அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வாழைத்தாரை எடுத்துப்போய் இன்னும் காசு கட்டாதவர். முதலில் அதைக் கட்டச் சொல்லுங்கள்.

பசுமலை டீச்சர்:
அப்போ பந்தல் எலெக்‌ஷனுக்கா, கூரை ஓட்டுக்கா, கிறிஸ்துமஸுக்கா?

நரிமேட்டான்:
கூட்டத்துக்கு. கூட்டம், டீச்சர்! எத்தனை தடவை சொல்வது. பந்தக்கால் நட்ட குழி வடக்கு மதிலோரம் இன்னும் இருக்கிறது, மேலே சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். மாப்ள, நாளைக்கு எட்டரை ஆராதனைக்கு வாருங்கள், காட்டுகிறேன்.

அரசரடி மாப்ள:
நாளைக்கு எனக்கு வேலை இருக்கிறது அண்ணே. ஒரு குழியா, இரண்டா?

நரிமேட்டான்:
நாலு.

செல்லூர் தறி:
ஓட்டுக்குச் சாரம் கட்டினாலும் நாலு குழிதான் வரும். சித்தப்பாவைக் கேட்டுவிட்டு வருகிறேன்.